பிள்ளை பெத்தால் முழங்கால் தேயுமா?

நிலாமுற்றம் (வெள்ளவத்தை)

ரெண்டாவது பிள்ளைக்கு இப்ப ஏழாம் மாசம், வயசு 33. எங்கட பிளாட் மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. மூத்தவனுக்கும் முழங்கால் நொந்ததுதான், பிறந்து கொஞ்ச நாளில மாறீட்டுது. இந்த முறை படி இறங்கேக்க முழங்கால் சில்லுக்குப் பின்னால ஒரு குத்து. கதிரையால எழும்பினால் கடக் எண்டு சத்தம், பக்கத்தில இருக்கிறவைக்கும் கேக்கும். கிளினிக்கில சொன்னன். "நிறைதான் காரணம், பிறந்தாப் பிறகு சரிவரும்" எண்டிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு. மாமி வேற கதை சொல்லுறா: "நாலு பெத்தனான், ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு, உனக்கும் அப்பிடித்தான்."

பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க முழங்காலுக்குள்ள இருக்கிற குருத்தெலும்பு உண்மையாவே கரையுதா, இல்லாட்டி இது வந்து போற நோவா? அனுபவமும் சொல்லுங்கோ, விசயம் தெரிஞ்ச ஆரும் இருந்தால் கொஞ்சம் விளக்கமாயும் சொல்லுங்கோ.

கொச்சிக்கடை கமலி

மூத்தவனுக்குப் பத்தியம் ஒழுங்கா இருந்தனீங்களோ? முப்பத்தொண்டு கழிய முதல் பச்சைத் தண்ணியில கால் வைச்சால் வாதம் பிடிக்கும். என்ர அம்மா நொச்சியும் வேப்பிலையும் ஆமணக்கிலையும் அவிச்ச தண்ணியிலதான் வாத்தவா, பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற காயச் சரக்கும் அரைச்சுத் தந்தவா. எனக்கு மூண்டு பிள்ளை, இண்டைக்கும் அந்தோனியார் கோயிலுக்கு நடந்துதான் போறன். இந்தக் காலத்துப் பிள்ளையள் ஆஸ்பத்திரியால வந்த மற்ற நாளே ஏசி அறையில படுக்குதுகள்.

பயோமிஸ் (பம்பலப்பிட்டி)

கமலி அக்கா, அவிச்ச தண்ணி வாத்தால் தசைநோவுக்குச் சுகமா இருக்கும், அதை நான் மறுக்கேல்லை. ஆனா பச்சைத் தண்ணியோ ஏசியோ மூட்டுக்குள்ள போய்க் குருத்தெலும்பை ஒண்டும் செய்யாது. பத்தியத்தில எனக்குப் பிடிச்சது, அந்த முப்பத்தொரு நாளும் தாய்க்காரியை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடாததுதான்.

நிலா, குருத்தெலும்பு (எங்கட பாடப் புத்தகத்தில கசியிழையம்) எலும்பு முனையளை மூடியிருக்கிற வழுவழுப்பான படை. பெரும்பங்கு தண்ணி, மிச்சம் கொலாஜன் நாரும், தண்ணியைப் பிடிச்சு வைக்கிற புரோட்டியோகிளைக்கன் எண்ட பொருளும். இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ஸ்பொஞ்சை அமத்தி விடுறது மாதிரி, நடக்கேக்க நிறை ஏறி இறங்கித்தான் மூட்டுத் திரவத்தில இருந்து அதுக்குச் சாப்பாடு போகுது. அப்ப நடக்காமல் படுத்தே கிடந்தாலும் அதுக்குக் கூடாது. நரம்பில்லாத படியால் அது தானா நோகவும் மாட்டாது. உங்கட குத்து வாறது மூட்டுச் சவ்வு, தசைநாண், சில்லுக்கு அடியில இருக்கிற எலும்பு இப்பிடிச் சுத்துவட்டத்தில இருந்துதான். சத்தத்தைத் தனிய வைச்சுத் தேய்வெண்டு சொல்ல ஏலாது. வீக்கமும் நோவும் இல்லாத நல்ல முழங்காலும் சத்தம் போடும்.

பிசியோ_தெஹிவளை

கர்ப்பிணித் தாய்மாரைப் பாக்கிறது என்ர வேலை. கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்து வாசியுங்கோ.

ரிலாக்சின் எண்டு ஒரு ஹோர்மோன் இருக்கு. கர்ப்பத்தின்ர முதல் மூண்டு மாசம் முடியிற நேரத்தில இரத்தத்தில உச்சத்துக்குப் போகும். பிரசவத்துக்கு இடுப்பெலும்பு விலகிக் குடுக்க வேணும், அதுக்கு எலும்புகளை ஒண்டோட ஒண்டு கட்டி வைச்சிருக்கிற இணையங்களை (லிகமென்ட்) தளர்த்துறதில இதுக்கு ஒரு பங்கு. இடுப்புக்கு முன்னால ரெண்டு எலும்பும் சந்திக்கிற இடத்தில சாதாரணமா 4, 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். கர்ப்பத்தில இன்னும் 2, 3 மில்லிமீற்றர் கூடும். இந்தத் தளர்வு இடுப்போட நிக்கிறதில்லை, முழங்காலிலயும் பாதத்திலயும் கைவிரலிலயும் தெரியும்.

ரிலாக்சின் கொலாஜனை வெட்டுற நொதியங்களைக் கூட்டுது எண்டு ஆய்வுகூடத்தில கண்டிருக்கினம். இணையத்தில "கர்ப்பம் குருத்தெலும்பைக் கரைக்கும்" எண்டு எழுதுறவை இதைத்தான் பிடிச்சுக்கொண்டு எழுதுகினம். ஆய்வுகூடத் தட்டில கலங்களுக்கு நடக்கிறதும் ஒரு தாயின்ர முழங்காலுக்குள்ள ஒன்பது மாசத்தில நடக்கிறதும் ஒண்டில்லை. இரத்தத்தில ரிலாக்சின் கூடினவைக்குத்தான் இடுப்பு நோவும் கூட எண்டதையே ஆய்வுகள் ஒரே குரலில சொல்லேல்லை. பிறகு, கர்ப்பத்தில ஈஸ்திரோஜனும் பல மடங்கு கூடுது. குருத்தெலும்புக் கலங்களில அதுக்கு ஏற்பிகள் இருக்கு, மாதவிடாய் நிண்டு ஈஸ்திரோஜன் விழுந்த பிறகுதான் பொம்பிளையளுக்கு மூட்டுத் தேய்வு வேகமாக் கூடுது. ஆனபடியால் ஹோர்மோனை மட்டும் குற்றவாளியா நிறுத்திறது சரியில்லை.

என்னைக் கேட்டால் பாரத்தைத்தான் பாக்க வேணும். சாதாரண நிறையில தொடங்கின தாய் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் எண்டு 2009இல அமெரிக்காவில வந்த வழிகாட்டல் சொல்லுது. முழங்கால் தேய்வு இருந்த, நிறை கூடின வயசாளியளை வைச்சு 2005இல ஒரு ஆய்வு வந்தது: ஒரு கிலோ குறைஞ்சால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில 4 கிலோப் பாரம் குறையுது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. படி இறங்கேக்க சில்லு மூட்டில விழுற அழுத்தம் உடம்பு நிறையின்ர மூண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். அதோட வயிறு முன்னுக்கு வர நாரி வளையுது, கால் அகலுது, பாத வளைவு இறங்குது. அந்தப் பாதம் சில பேருக்குப் பழையபடி திரும்புறதும் இல்லை. 2013இல அமெரிக்காவின்ர ஐயோவாவில அளந்து பாத்தவை, குறிப்பா முதல் பிள்ளையோட, பாதம் நீண்டு வளைவு தாழ்ந்தது பிறந்து மாசக்கணக்கா அப்பிடியே இருந்தது. பழைய செருப்பு இறுக்குதெண்டால் அதுதான் காரணம், புதுசு வாங்குங்கோ.

நிலா, 33 வயசில, அடிபடாத முழங்காலில, படி இறங்கேக்க சில்லுக்குப் பின்னால குத்துறது பெரும்பாலும் சில்லு மூட்டு நோ. தொடைத்தசை பாரத்துக்கு ஈடு குடுக்க ஏலாமல் போகேக்க வாறது. அதுக்குத் தேய்வெண்டு பேர் வைக்க அவசரப்படாதேங்கோ.

சிலதுக்குப் பொறுத்திருக்கக் கூடாது. ஒரு காலின்ர கெண்டை மட்டும் வீங்கிச் சூடா நொந்தால் அது இரத்தக்கட்டியா இருக்கலாம், கர்ப்பத்தில அந்த ஆபத்துக் கூட. அண்டைக்கே ஆஸ்பத்திரி. கடைசி மாதங்களில கவட்டுக்குள்ள கடுமையா நொந்து காலூண்ட ஏலாமல் போனாலும் அப்பிடித்தான், இடுப்பெலும்பு தற்காலிகமா மெலியிற ஒரு அரிய வருத்தம் இருக்கு. காய்ச்சலோட மூட்டு நோவெண்டால் சிக்குன்குன்யாவையும் நினையுங்கோ, 2025இல கொழும்பில திரும்ப வந்ததுதானே.

அப்பாவாகப்போறவன் (கிருலப்பனை)

பிசியோ அக்கா ஆறுதலாச் சொல்லுறியள், ஆனா நான் வாசிச்சது வேற. பிரித்தானியாவில 13 இலட்சம் பெண்களை வைச்சு 2009இல வந்த ஆய்வில, ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்கால் மாத்துற சத்திரசிகிச்சை 8 வீதம் கூடுது எண்டு போட்டிருக்கு. எங்களுக்கு மூண்டு பிள்ளை ஆசை. அப்ப 24 வீதமா? மனிசிக்கு இன்னும் காட்டேல்லை.

பயோமிஸ்

காட்டாமல் விட்டது நல்லது தம்பி, முதல் நீங்கள் விளங்கிக்கொள்ளுங்கோ. 8 வீதம் எண்டது நூறில எட்டுப் பேருக்கு வரும் எண்ட கணக்கில்லை. இருக்கிற வாய்ப்பில 8 வீதம் கூடுது. சும்மா ஒரு உதாரணத்துக்கு, பிள்ளை பெறாத ஆயிரம் பேரில 20 பேருக்கு முழங்கால் மாத்த வேண்டி வருகுது எண்டு வைப்பம். ஒரு பிள்ளை பெத்த ஆயிரம் பேரில அது 21 இல்லாட்டி 22 ஆகும். மூண்டு பெத்தவையில 25. இதுக்காக ஆரும் பிள்ளைக் கணக்கை மாத்துவினமே?

அதே ஆய்வில இடுப்பு மூட்டுக்கு எவ்வளவு எண்டும் பாத்தீங்களா? ஒரு பிள்ளைக்கு 2 வீதம்தான். ஹோர்மோன்தான் எல்லாக் குருத்தெலும்பையும் கரைக்குதெண்டால் இடுப்பும் முழங்காலும் இவ்வளவு வித்தியாசப்படுமோ எண்டது என்ர கேள்வி.

பிசியோ_தெஹிவளை

மிஸ் சொன்னதோட இதையும் சேர்க்கிறன். 2013இல வந்த ஒரு அமெரிக்க ஆய்வில ஐஞ்சும் அதுக்கு மேலயும் பெத்தவைக்கு, ஒண்டு பெத்தவையை விட முழங்கால் மாத்துற தேவை ரெண்டரை மடங்களவு இருந்தது. அந்த ஆய்வில ஐஞ்சில இருந்துதான் வித்தியாசம் தெளிவா வந்தது. 2011இல அவுஸ்திரேலியாவின்ர தஸ்மேனியாவில 50 முதல் 80 வயசுப் பெண்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தவை. பிள்ளை பெத்தவையின்ர முழங்காலில குருத்தெலும்பின்ர கனவளவு குறைவாத்தான் இருந்தது. ஆனபடியால் தொடர்பே இல்லை எண்டு நான் சொல்லமாட்டன், நிலாவின்ர மாமியை முழுசாப் பிழையெண்டும் சொல்லமாட்டன். அது கர்ப்பத்தின்ர ஒன்பது மாசத்தாலயா, அதுக்குப் பிறகு வந்த முப்பது வருசத்தாலயா எண்டதுதான் பிரச்சினை.

ஹட்டன்காரி (மட்டக்குளி)

நீங்க சொல்ற அந்த முப்பது வருஷத்த நான் கண்ணால பார்த்தேன். எங்க அம்மாவுக்கு ஆறு புள்ளைங்க. ஒவ்வொண்ணும் பொறந்து, தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்குற புள்ள காம்பராவுல விட்டுட்டு, திரும்ப மலை ஏறிடுவாங்க. கொழுந்து பறிக்கிற மலை நின்ன வாக்குல இருக்கும், மழையில ஈரக் கொழுந்து கூடை கனக்கும், அந்தப் பாரத்தோட சரிவுல எறங்கணும். வீட்டுக்கு வந்தா வெறகு, தண்ணி. இப்ப ரெண்டு முழங்காலும் வெளிப்பக்கமா வளைஞ்சு போச்சு. கொழும்புல ஒரு டொக்டர்கிட்ட காட்டினா "எத்தன புள்ள" னு கேட்டாரு, ஆறுன்னதும் தலைய ஆட்டினாரு. எத்தன வருஷம் மலை ஏறுனீங்கன்னு கேக்கவே இல்ல.

பிசியோ_தெஹிவளை

நான் சொல்ல நினைச்சதை நீங்கள் நல்லாச் சொல்லிட்டீங்கள். குந்தியிருந்து செய்யிற வேலை, பாரம் சுமந்து ஏறி இறங்கிறது ரெண்டும் முழங்கால் தேய்வுக்கு நல்லாத் தெரிஞ்ச காரணங்கள். கன பிள்ளை பெத்த பொம்பிளைக்குத்தான் அந்த வேலையும் கன வருசம் கூட இருந்திருக்கும். எண்ணிக்கையில எல்லாம் பிள்ளையின்ர கணக்கில ஏறிவிடும்.

மருதானை ராத்தா

எங்கட உம்மாக்கு எட்டுப் புள்ள. எழுபத்தஞ்சு வயசு. இன்னும் நெலத்துலதான் தொழுவுறாங்க, கதிரை வேணாம் எண்டு செல்லுறாங்க. ஒடம்பு மெலிசு, எப்பவும் நடை. அதுனால எட்டுப் புள்ளையும் ஒண்ணுமில்ல எண்டு நான் செல்ல வரல்ல. என்ட கேள்வி தங்கச்சியப் பத்தி. அவளுக்கு வகுத்துல புள்ள இருக்கக்குள்ள கைநோவு எல்லாம் காணாமப் போச்சு. புள்ள பொறந்து மூணு மாசத்துல வெரலெல்லாம் வீங்கி, காலைல கை மடக்க ஏலா. மாமியார் வாதம் எண்டு எண்ணெ தடவுறாங்க.

பிசியோ_தெஹிவளை

ராத்தா, எண்ணெய் தடவிக்கொண்டு காலம் கடத்தாதேங்கோ. வாத வைத்தியரை (ஆஸ்பத்திரியில ரூமற்றோலஜிஸ்ட்), அது ஏலாட்டி மருத்துவக் கிளினிக்கில டொக்டரைக் கெதியாப் பாக்கச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறது தேய்வு மாதிரி இல்லை, முடக்குவாதம் மாதிரிக் கிடக்கு. நோயெதிர்ப்புச் சக்தி தன்ர மூட்டையே தாக்கிற வருத்தம் அது. தேய்வில காலமை விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள்ள விடும். இதில ஒரு மணித்தியாலத்துக்கும் மேல நிக்கும், ரெண்டு கையும் ஒரே மாதிரி வீங்கும்.

கர்ப்பத்தில குறைஞ்சு பிறந்தாப் பிறகு கிளம்புறது இந்த வருத்தத்தின்ர குணம். அமெரிக்காவில மேயோ கிளினிக்கில இருந்த பிலிப் ஹென்ச் எண்ட வைத்தியர் 1930களில இதைக் கவனிச்சு, கர்ப்பிணியின்ர உடம்பில ஏதோ ஒண்டு இந்த வாதத்தை அடக்குது எண்டு தேடத் தொடங்கினவர். அந்தத் தேடல் கோட்டிசோன் மருந்தில போய் முடிஞ்சு, 1950இல நோபல் பரிசு கிடைச்சது. "கர்ப்பம் மூட்டுவாதத்தைக் குணமாக்கும்" எண்டு சில பேர் எழுதுறது இதைத்தான். தேய்வுக்கு அது பொருந்தாது. பால் குடுக்கேக்க எடுக்கக்கூடிய மருந்து இருக்கு, அதுக்குப் பயந்து நிக்க வேண்டாம் எண்டும் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ.

நிலாமுற்றம்

எல்லாருக்கும் நன்றி, மாமிக்கும் வாசிச்சுக் காட்டினன். இன்னும் கொஞ்சம் கேக்க இருக்கு. கிளினிக்கில தாற கல்சியம் ஒழுங்காப் போட்டால் முழங்காலுக்கு உதவுமா? ஃபாமசியில வோல்டரன் ஜெல் வாங்கித் தடவலாமா? அக்கா ஒருத்தி லண்டனில இருந்து மூட்டுக்கு நல்லதெண்டு விக்கிற குளுக்கோசமின் குளிசைப் போத்தில் அனுப்பியிருக்கிறா. பிறகு, என்ன பயிற்சி செய்யிறது?

பயோமிஸ்

கல்சியத்தை நான் சொல்லுறன், மிச்சத்தைப் பிசியோவுக்கு விடுறன். பிள்ளையின்ர எலும்புக்குப் பிறக்கிற நேரத்தில 30 கிராம் அளவு கல்சியம் வேணும், அதில கூடின பங்கை கடைசி மூண்டு மாசத்தில எடுக்குது. தாயின்ர குடலும் சும்மா இருக்காது, வழமையை விட ரெண்டு மடங்களவு உறிஞ்சும். பால் குடுக்கிற காலத்தில தாயின்ர எலும்படர்த்தி கொஞ்சம் குறையும், பால் மறந்தாப் பிறகு திரும்பி வந்திடும். இவ்வளவும் எலும்பின்ர கதை. குருத்தெலும்புக்கு கல்சியம் கட்டுமானப் பொருளில்லை. குளிசையை விடாமல் போடுங்கோ, ஆனா முழங்காலுக்கு எண்டு நினைச்சுப் போடாதேங்கோ.

பிசியோ_தெஹிவளை

டைக்ளோபெனாக் (வோல்டரனில இருக்கிறது இதுதான்), இபுப்ரூபன் வகை மருந்துகளைக் கர்ப்பத்தில தன்பாட்டில எடுக்கவே வேண்டாம். 20 கிழமைக்குப் பிறகு பிள்ளையின்ர சிறுநீரகத்தைப் பாதிச்சு நீர்க்குடத்து நீரைக் குறைக்கலாம் எண்டு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல எச்சரிச்சது. கடைசி மாதங்களில பிள்ளையின்ர இதயத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு குழாயை நேரத்துக்கு முதலே மூடவும் பாக்கும். ஜெல்லும் தோலால கொஞ்சம் உள்ள போகும், டொக்டரைக் கேக்காமல் தொட வேண்டாம். நோ கூடின நாளில பனடோல், அதுவும் அளவோட, தேவையான நாளுக்கு மட்டும். குளுக்கோசமினைக் கர்ப்பத்தில எடுக்கலாம் எண்டு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. முழங்கால் தேய்வு இருந்தவைக்கே 2006இல அமெரிக்காவில வந்த பெரிய ஆய்வில மருந்தில்லாத வெறும் மாத்திரையை விடப் பெருசா வேலை செய்யேல்லை. அந்தப் போத்திலை அலுமாரிக்குள்ள வையுங்கோ.

பயிற்சிக்கு ஒரு சாப்பாட்டு மேசைக் கதிரை போதும், சோபா வேண்டாம், அது தாழ்வு. கதிரையைச் சுவரோட முட்டி வைச்சு விளிம்பில இருங்கோ. பாதம் ரெண்டும் இடுப்பகலத்துக்கு நிலத்தில, குதி முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால. கைகளை நெஞ்சில கட்டி, மூச்சை வெளிய விட்டுக்கொண்டு எழும்புங்கோ. எழும்பேக்க முழங்கால் ரெண்டும் உள்ளுக்குச் சாயுதா எண்டு குனிஞ்சு பாருங்கோ, வயிறு மறைச்சால் வீட்டில ஆரையும் பாக்கச் சொல்லுங்கோ. சாய்ஞ்சால் பெருவிரலுக்கு நேரா முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிப் பழகுங்கோ. இருக்கேக்க தொப்பெண்டு விழாமல் நாலு எண்ணி மெதுவா இருக்கிறதுதான் இதில பலன் உள்ள பகுதி. பத்துத் தரம், காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. நொந்தால் கதிரையில ஒரு தலையணி போட்டு உயர்த்துங்கோ.

கட்டிலில காலை நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழ சுருட்டின துவாயை வைச்சு, அதைக் கட்டிலோட அமத்தி ஐஞ்சு எண்ணி விடுறதும் நல்லது. நடையை விடாதேங்கோ. கர்ப்பிணியளும் கிழமைக்கு 150 நிமிசம் அசைய வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெள்ளவத்தைக் கடற்கரை மணலில நடக்கிறதை விடச் சுதந்திரச் சதுக்கப் பக்கம் சமதரையா இருக்கும்.

படிக்கு: ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க நோகிற கால் முதல், கைபிடியில ஒரு கை. மூத்தவனைத் தூக்கிக்கொண்டு மூண்டு மாடி ஏற வேண்டாம், அவனும் நடக்கட்டும்.

கொச்சிக்கடை கமலி

என்ர மருமகளுக்கு வாற மாசம் நாள். முப்பத்தொண்டுக்குப் பிறகு அந்தக் கதிரைப் பயிற்சியைச் செய்யச் சொல்லுறன். ஆனா காயம் குடுக்கிறதை நிப்பாட்டமாட்டன்.

பிசியோ_தெஹிவளை

நிப்பாட்டச் சொல்லேல்லை அக்கா. நல்லெண்ணெயை மட்டும் கொஞ்சம் குறைச்சு ஊத்துங்கோ. பிறந்து ஒரு வருசம் போயும் இறங்காத கிலோதான் முழங்காலில நிரந்தரமாக் குந்துறது. அடுத்த பிள்ளைக்கு அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏறும். நான் பாக்கிற ஐம்பது வயசு அம்மாமார் கன பேரின்ர கதை இதுதான். சத்திர சிகிச்சையால பிறந்தால் பயிற்சிக்கு டொக்டரைக் கேட்டிட்டுத் தொடங்கட்டும்.

இரத்மலானை தர்ஷி

84 நாள் லீவு முடிஞ்சு திங்கள் வேலைக்குப் போறன், கோட்டையில ஒஃபிஸ். மிட்வைஃப் வீட்டுக்கு வந்தவா, ஆறாம் கிழமைக் கிளினிக்குக்கும் போனனான். பிள்ளையின்ர நிறை, தையல், பால், குடும்பக்கட்டுப்பாடு எல்லாம் கேட்டினம். முழங்காலைப் பற்றியோ என்ர நிறையைப் பற்றியோ ஒரு கேள்வி இல்லை. கர்ப்பத்தில 19 கிலோ ஏறி இப்ப 8 மிச்சம். பால் குடுக்கிறன், சாப்பாட்டைக் குறைக்கலாமா?

பிசியோ_தெஹிவளை

பட்டினி கிடக்க வேண்டாம் தர்ஷி. பால் குடுக்கிறதுக்கே நாளுக்கு 500 கலோரிக்குக் கிட்டச் செலவாகும். சோத்தைக் கொஞ்சம் குறைச்சு மீன், பருப்பு, கீரையைக் கூட்டுங்கோ. பின்னேரத் தேத்தண்ணியில சீனி, பணிஸ், சோர்ட்ஈட்ஸ் இதுகளை விட்டாலே கன வித்தியாசம். மாசம் ஒரு கிலோ இறங்கினால் போதும். கேக்காட்டி நீங்களாச் சொல்லுங்கோ, கிளினிக்கில தராசு உங்களுக்கும் இருக்கு. முழங்கால் நோ பிறந்து மூண்டு மாசம் தாண்டியும் நிண்டால், இல்லாட்டி வீங்கினால், பிசியோவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ.

இரத்மலானை தர்ஷி

சரி அக்கா. அந்த நோகிற கால் முதல் இறங்கிறதை 101 பஸ்ஸில எப்பிடிச் செய்யிறது? மிதிபலகை முழங்காலுயரத்தில, கொண்டக்டர் "பஹின்ன, பஹின்ன" (இறங்கு, இறங்கு) எண்டு கத்திறார், பஸ் உருண்டுகொண்டுதான் இருக்கும்.

பிசியோ_தெஹிவளை

உருளேக்க இறங்கவே வேண்டாம், காலை மாத்தி வைச்சும் பிரயோசனம் இல்லை. முன் கதவுக்குக் கிட்ட இருங்கோ, பஸ் நிண்டாப் பிறகு எழும்புங்கோ, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு பக்கவாட்டில இறங்குங்கோ. கத்தினால் கத்தட்டும்.

மருதானை ராத்தா

தங்கச்சிக்கு வியாழன் கிளினிக் நம்பர் எடுத்தாச்சு. ஜஸாகல்லாஹ்.